பார்க்கின்சனா, அதைப் போன்ற வேறு நோயா? மூளை ஸ்கேனுக்குப் போகும் வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

நடை மெதுவாகி, உடம்பு இறுகி, கை நடுங்கத் தொடங்கினால் நரம்பியல் மருத்துவர் சீட்டில் 'பார்க்கின்சனிசம்' என்று எழுதுவார். பலர் அதைப் பார்க்கின்சன் நோய் என்றே படித்துவிடுகிறார்கள். அது நோயின் பெயர் இல்லை, அறிகுறிகளின் பெயர். அதற்குள் வழக்கமான பார்க்கின்சன் இருக்கலாம். இரத்த அழுத்தத்தையும் சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆரம்பத்திலேயே குலைக்கும் எம்.எஸ்.ஏ. (மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி) இருக்கலாம். கண்ணைக் கீழே இறக்க விடாமல், ஆளைப் பின்பக்கமாகச் சாய்க்கும் பி.எஸ்.பி. (புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி) இருக்கலாம். ஒரு பக்கக் கை மட்டும் சொன்னபடி கேட்காமல் போகும் சி.பி.டி. (கார்ட்டிகோபேசல் டிஜெனரேஷன்), மறதியோடு இல்லாத உருவங்களும் கண்ணுக்குத் தெரியும் லூயி பாடி டிமென்ஷியா, மூளையின் சிறு இரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது, மூளையில் நீர் தேங்கி வருவது, சாப்பிடும் மாத்திரையால் வருவது ஆகியவையும் இதே தோற்றத்தில் வரும்.

இவற்றைப் பிரித்து அறிவது மருத்துவருக்கு மட்டும் வேண்டிய விவரம் இல்லை. மாத்திரையால் வந்தது மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் குறையும். நீர் தேங்கியதற்கு, அதை வடிக்கும் குழாய் வைக்கும் ஷன்ட் அறுவை சிகிச்சை உண்டு. மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். அறுவை சிகிச்சை தகுந்த பார்க்கின்சன் நோயாளிக்குக் கைகொடுக்கும், எம்.எஸ்.ஏ., பி.எஸ்.பி. உள்ளவருக்குக் கொடுக்காது. பி.எஸ்.பி. என்றால் விழாமல் காக்கவும், விழுங்கும் சிரமத்துக்கும் முதல் நாளிலிருந்தே ஏற்பாடு வேண்டும்.

ஆனால் 'ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்' என்று கிளம்புகிறவர்கள்தான் அதிகம் செலவழித்து, விடை கிடைக்காமல் திரும்புகிறார்கள். எல்லா வகைகளையும் பிரித்துக் காட்டும் ஒரே ஸ்கேன் கிடையாது. எந்த ஸ்கேன் எந்தக் கேள்விக்கு விடை சொல்லும் என்று தெரிந்து, வரிசையாகப் போக வேண்டும்.

1. முதலில் கேள்வியை முடிவு செய்யுங்கள்

மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "டாக்டர், இந்த ஸ்கேனில் எந்த நோயை எந்த நோயிலிருந்து பிரித்துப் பார்க்கப் போகிறோம்? விடை எப்படி வந்தால் வைத்தியம் மாறும்?"

பெரும்பாலும் கேள்வி இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதல் கேள்வி: அசைவுக்கு வேண்டிய டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்புகள் உண்மையிலேயே அழிகின்றனவா? இது பார்க்கின்சனா, வெறும் நடுக்க நோயா, மாத்திரையின் விளைவா என்ற சந்தேகம். இதற்கு விடை சொல்வது டோப்பமின் ஸ்கேன்: ட்ரோடாட் ஸ்பெக்ட் அல்லது எஃப்-டோப்பா பெட்.

இரண்டாம் கேள்வி: நரம்பு அழிகிறது என்பது தெரிகிறது, இது பார்க்கின்சனா, எம்.எஸ்.ஏ.வா, பி.எஸ்.பி.யா, சி.பி.டி.யா? இதற்கு டோப்பமின் ஸ்கேன் உதவாது. நால்வருக்கும் அதில் பழுதுதான் தெரியும். இங்கே வேண்டியது சரியான முறையில் எடுத்த எம்.ஆர்.ஐ.; அதிலும் தெளியாவிட்டால் மூளைக்கான எஃப்.டி.ஜி. பெட்.

பி.எஸ்.பி.யா பார்க்கின்சனா என்று குழம்பி நிற்கும் குடும்பம் பெரும்பணம் கட்டி டோப்பமின் ஸ்கேன் எடுப்பதும், 'டோப்பமின் குறைந்துள்ளது' என்ற அறிக்கையோடு அதே குழப்பத்தில் திரும்புவதும் அடிக்கடி நடக்கிறது. அந்த அறிக்கையில் பிழை இல்லை. கேள்விக்குப் பொருந்தாத ஸ்கேனை எடுத்ததால்தான் விடை கிடைக்கவில்லை.

சில நேரம் ஸ்கேனே வேண்டாம். ஒரு பக்கக் கையில் ஓய்வு நேர நடுக்கம், மூளையில் டோப்பமினாக மாறும் லெவோடோப்பா மாத்திரைக்கு நல்ல பலன், வேறு எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லை என்றால், மருத்துவர் நேரில் பரிசோதித்துச் சொல்வதே போதும். அப்போதும் வேறு காரணங்களை விலக்க ஒரு எம்.ஆர்.ஐ. மட்டும் கேட்பது வழக்கம்.

2. மருந்துப் பட்டியலை எழுதுங்கள்

ஸ்கேனுக்குத் தேதி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது. கடந்த ஓராண்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும், கடையில் தாமாக வாங்கியவை உட்பட, ஒரே தாளில் எழுதுங்கள். வணிகப் பெயரை மட்டும் எழுதாமல், அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

தேட வேண்டிய பெயர்கள்: லெவோசல்பிரைடு, மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின், ஃபுளூனரிசின், ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், வால்புரோயேட். இதில் லெவோசல்பிரைடை நன்றாகக் கவனியுங்கள். வாயு, நெஞ்செரிச்சல் என்று கொடுக்கும் கேப்சூல்களில் பான்டபிரசோல் அல்லது ரபிபிரசோலோடு சேர்ந்தே இது இருக்கும். 'கேஸ் மாத்திரைதானே' என்று வீட்டார் பட்டியலில் சேர்க்கவே மாட்டார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்ட முதியவருக்கு அச்சு அசலாகப் பார்க்கின்சன் போலவே வரும். தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசினும், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃபுளூனரிசினும் அப்படியே.

பட்டியலில் இவற்றில் ஒன்று இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள், முக்கியமாக மனநல மருந்துகளையும் வலிப்பு மருந்தையும். மருத்துவர் நிறுத்தச் சொன்னாலும் அறிகுறி மறைய வாரங்கள் ஆகும். ஆறு மாதம் வரைகூட ஆகலாம். அந்தக் காத்திருப்பே சில குடும்பங்களுக்கு ஸ்கேன் செலவை மிச்சமாக்கிவிடும்.

பட்டியலோடு ஒரு கோப்பில் வைக்க வேண்டியவை:

- அறிகுறி எந்த மாதம், எந்தப் பக்கத்தில் தொடங்கியது என்ற குறிப்பு
- முதல் முறை விழுந்த தேதி, எந்தப் பக்கமாக விழுந்தார் என்பது
- லெவோடோப்பா ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம், பலன் உண்டா
- படுத்தும் நின்றும் அளந்த இரத்த அழுத்தம்
- பழைய சி.டி. ஸ்கேன், எம்.ஆர்.ஐ. எதுவானாலும் படமும் அறிக்கையும்
- உடலுக்குள் வைத்த கருவி இருந்தால் அதன் அட்டை

லெவோடோப்பா விவரம் ஏன் என்றால், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் பத்து நாள் சாப்பிட்டு 'பலன் இல்லை' என்று சொல்வது கணக்கில் வராது. தாங்க முடிந்தால் 1,000 மில்லிகிராம் வரை ஏற்றி, குறைந்தது ஒரு மாதம் பார்த்த பிறகே பலன் இல்லை என்பார்கள். ஸ்கேனில் தெரிவதை இந்த விவரத்தோடு வைத்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

3. எம்.ஆர்.ஐ. எடுப்பது

இதுதான் முதல் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லை, செலவும் மற்றவற்றைவிடக் குறைவு. ஆனால் 'எம்.ஆர்.ஐ. பிரெயின் பிளெயின்' என்று மட்டும் சீட்டில் எழுதி அனுப்பினால், பக்கவாதம் தேடும் வழக்கமான முறையில் எடுத்து, 'வயதுக்கேற்ற சுருக்கம், சிறு இரத்தக் குழாய் மாற்றங்கள்' என்று அறிக்கை வரும். அறுபது கடந்த யாருக்கு எடுத்தாலும் பெரும்பாலும் அதே வரிதான். பார்க்கின்சன் வகை பிரிக்க அது உதவாது.

சீட்டில் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை இவை:

சந்தேகம் என்ன என்பது. 'நடுக்கம்' என்று மட்டும் இல்லாமல், 'பார்க்கின்சனிசம், பி.எஸ்.பி. அல்லது எம்.எஸ்.ஏ. உள்ளதா என்று பார்க்கவும்' என்ற அளவுக்கு இருக்க வேண்டும். ரேடியாலஜிஸ்ட் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் அதை அளந்து எழுதுவார்.

எந்தப் படங்கள் வேண்டும் என்பது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் முப்பரிமாண டி-1 படம், டி-2, ஃபிளேர், டிஃப்யூஷன், இரும்புச் சத்தைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. முப்பரிமாண டி-1 இல்லாவிட்டால் நடுமூளையைச் சரியான நடுக்கோட்டில் வெட்டிப் பார்த்து அளக்க முடியாது. எஸ்.டபிள்யூ.ஐ. இல்லாவிட்டால் கீழே வரும் தகைவிலான் வாலைத் தேடவே முடியாது.

எந்த அளவுகள் வேண்டும் என்பது. மூளைத்தண்டின் மேல்பகுதியான நடுமூளை, அதற்குக் கீழே உள்ள பான்ஸ் இரண்டின் பரப்பளவும் விகிதமும், முடிந்தால் எம்.ஆர்.பி.ஐ. எண்ணும் (விளக்கம் கீழே).

இயந்திரத்தின் காந்த வலிமை 3 டெஸ்லாவாக இருந்தால் நல்லது. 1.5 டெஸ்லாவிலும் நடுமூளைச் சுருக்கம் நன்றாகவே தெரியும், எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில்தான் வேறுபாடு பெரிது. முன்பதிவு செய்யும்போதே தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: "எத்தனை டெஸ்லா? எஸ்.டபிள்யூ.ஐ.யும் முப்பரிமாண டி-1-ம் எடுப்பீர்களா?" தயங்கினால் வேறு மையம் பாருங்கள். கான்ட்ராஸ்ட் ஊசி இந்தக் கேள்விக்குப் பொதுவாக வேண்டாம். கட்டி, தொற்று போன்ற சந்தேகம் இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்வார். அப்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சமீபத்திய கிரியேட்டினின் முடிவைக் கேட்பார்கள்.

ஸ்கேன் நாளன்று:

லெவோடோப்பா மாத்திரையை வழக்கமான நேரத்தில் கொடுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உள்ளே படுத்தால் நடுக்கமும் இறுக்கமும் குறைந்து படம் தெளிவாக வரும். மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது தலையும் கழுத்தும் ஆடும் அசைவுகள் வருகிறவராக இருந்தால், எந்த நேரம் அமைதியாக இருப்பார் என்று பார்த்து அந்த நேரத்துக்குப் பதிவு செய்யுங்கள். கை நடுங்கினால் படம் அவ்வளவு கெடாது. தலை அசைந்தால் கெட்டுவிடும்.

பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாய் கிளிப், காதுக்குள் வைத்த கருவி ஆகியவற்றைப் பதிவின்போதே சொல்லுங்கள். உள்ளே போகும் நேரத்தில் சொன்னால் அன்றைய ஸ்கேன் ரத்தாகும். தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி, அரைஞாண், சேஃப்டி பின், பல்செட், காதுக் கருவி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வருடக்கணக்கில் கழற்றாத மூக்குத்தி மையத்தில் வைத்துக் கழலாது. முந்தின நாளே கழற்றி வையுங்கள்.

ஸ்கேன் 30 முதல் 45 நிமிடம் பிடிக்கும். அதற்கு முன் சிறுநீர் கழிக்க வையுங்கள். முடிந்ததும் படாரென்று எழுப்பாதீர்கள். படுத்திருந்தவர் எழுந்தவுடன் அழுத்தம் இறங்கி விழுவது எம்.எஸ்.ஏ. உள்ளவர்களுக்குச் சாதாரணம். இரண்டு நிமிடம் உட்கார வைத்துப் பிறகு நிற்க வையுங்கள்.

மயக்க ஊசி போட்டு எடுக்கலாம் என்று மையத்தில் சொன்னால், நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். எம்.எஸ்.ஏ. உள்ள சிலருக்குத் தூக்கத்தில் தொண்டை இறுகி, மூச்சு இழுக்கும்போது கீச்சென்று சத்தம் வரும். அவர்களுக்கு மயக்க மருந்து ஆபத்து. இரவில் அப்படிச் சத்தம் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

4. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் பார்க்க வேண்டியவை

மருத்துவர் விளக்குவார். ஆனால் அறிக்கையில் எது எழுதியிருக்கிறது, எது எழுதப்படவே இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

நடுமூளை. பக்கவாட்டு வெட்டுப் படத்தில் நடுமூளையின் மேல்விளிம்பு மேடாக இருக்க வேண்டும். பி.எஸ்.பி.யில் அது தட்டையாகி, பிறகு குழிந்து, நீண்ட அலகுள்ள குருவியின் தலைபோலத் தெரியும். இதைத்தான் 'ஹம்மிங்பேர்ட்' அல்லது 'பென்குவின்' என்று எழுதுவார்கள். பரப்பளவில் நடுமூளை பான்ஸில் ஏறக்குறைய கால் பங்கு, அதாவது 0.24 அளவில் இருப்பது இயல்பு. பி.எஸ்.பி.யில் அது பாதியாகி 0.12 அளவுக்கு இறங்கும். குறுக்களவில் அளந்தால், நடுமூளை 9.35 மில்லிமீட்டருக்குக் குறைந்து, பான்ஸோடு உள்ள விகிதமும் 0.52-க்குக் கீழ் போனால் பி.எஸ்.பி. என்ற சந்தேகம் மிகவும் வலுக்கும்.

எம்.ஆர்.பி.ஐ. என்பது நான்கு அளவுகளைச் சேர்த்த ஒரே எண். பான்ஸ் பரப்பை நடுமூளைப் பரப்பால் வகுத்து, சிறுமூளையின் நடுத்தண்டு அகலத்தை மேல்தண்டு அகலத்தால் வகுத்து, இரண்டையும் பெருக்குவார்கள். பி.எஸ்.பி.யில் இந்த எண் ஏறும். 2008-இல் இந்த முறையை வெளியிட்ட ஆய்வு 13.55 என்ற எல்லையை வைத்தது. இயந்திரத்துக்கும் அளப்பவருக்கும் ஏற்ப எண் மாறும்; ஆகவே 13.6 வந்துவிட்டது என்று அதை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ஓர் எச்சரிக்கை: மூளையில் நீர் தேங்கியவர்களுக்கும் நடுமூளை நசுங்கி இதே குருவி வடிவம் வரலாம். அறிக்கையில் குருவியும் 'வென்ட்ரிக்கிள் விரிவு' (மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் பெரிதாவது) என்ற வரியும் சேர்ந்து இருந்தால், அந்த அறைகளின் அகலத்தைக் காட்டும் இவான்ஸ் குறியீடு 0.3-ஐத் தாண்டுகிறதா, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் கோணம் 90 பாகைக்குக் கீழ் உள்ளதா என்று கேளுங்கள். காலை இழுத்து நடப்பது, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்தவருக்கு இந்தக் கேள்வி மிக அவசியம்.

பான்ஸும் பியூட்டமெனும். பியூட்டமென் என்பது மூளையின் ஆழத்தில் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதி. எம்.எஸ்.ஏ.வில் டி-2 படத்தில் பான்ஸுக்குள் சிலுவை போன்ற வெள்ளைக் கோடு தெரியலாம். 'ஹாட் கிராஸ் பன்' என்று எழுதுவார்கள். சிறுமூளையின் நடுத்தண்டு வெளுத்துத் தெரிவதும், பியூட்டமென் சுருங்குவதும், டிஃப்யூஷன் படத்தில் பியூட்டமெனில் நீர் அசைவு கூடுவதும் மற்ற அடையாளங்கள். பியூட்டமெனைச் சுற்றி மெல்லிய வெள்ளை விளிம்பு மட்டும் தெரிந்தால் பதறாதீர்கள். 3 டெஸ்லா இயந்திரத்தில் நலமாக இருப்பவர்களுக்கும் அது தெரியும். பான்ஸ் சிலுவையும் எம்.எஸ்.ஏ.வுக்கு மட்டும் உரியதல்ல. பரம்பரையாக வரும் சிறுமூளைத் தள்ளாட்ட நோய்கள் சிலவற்றிலும் வரும். குடும்பத்தில் யாருக்காவது தள்ளாட்டம் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் விடாதீர்கள். 2022-இல் வந்த எம்.எஸ்.ஏ. நிர்ணய விதிகளின்படி, உயிரோடு இருப்பவருக்குச் சொல்லக்கூடிய மிக உறுதியான நிலைக்கு எம்.ஆர்.ஐ. அடையாளம் ஒன்றாவது கட்டாயம்.

இடது வலது வேறுபாடு. சி.பி.டி.யில் மூளையின் மேற்புறம், நெற்றிக்கும் உச்சிக்கும் உரிய பகுதி, ஒரு பக்கம் மட்டும் அதிகம் சுருங்கும். முரண்டும் கைக்கு எதிர்ப்பக்கம் அது இருக்க வேண்டும். வலது கை முரண்டுகிறது என்றால் இடது மூளையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கை என்று சீட்டில் இல்லாவிட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போய்விடும்.

தகைவிலான் வால். எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில், நடுமூளையில் டோப்பமின் நரம்புகள் இருக்கும் சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் பின்பகுதி, தகைவிலான் குருவியின் பிளந்த வால்போலத் தெரிவது இயல்பு. பார்க்கின்சனில் அந்தப் பிளவு மறையும். எம்.எஸ்.ஏ.விலும் பி.எஸ்.பி.யிலும்கூட மறையும். ஆகவே இது முதல் கேள்விக்குத்தான் விடை சொல்லும், இரண்டாவதற்கு இல்லை. படம் கொஞ்சம் அசைந்தாலும் வால் இல்லாததுபோலத் தெரியும்.

வெள்ளைப் புள்ளிகள். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ள முதியவர் பலருக்கும் இவை இருக்கும். இருப்பதாலேயே நோய்க்குக் காரணம் அவைதான் என்று ஆகாது. நடை மட்டும் கெட்டு, கைகள் நன்றாக இருந்து, புள்ளிகள் ஏராளமாக இருந்தால் இரத்தக் குழாய் வகையை நினைப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. 'நார்மல்' என்று வந்தால்? வழக்கமான பார்க்கின்சனில் சாதாரணப் படங்கள் இயல்பாகவே இருக்கும். 'ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ஆகவே நோய் இல்லை' என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எம்.எஸ்.ஏ., பி.எஸ்.பி.யும் முதல் ஓரிரு ஆண்டுகளில் தெளிவாகத் தெரியாமல் போகலாம்.

நோயாளி 40 வயதுக்குக் கீழ் என்றால் வில்சன் நோயை விலக்கியே ஆக வேண்டும். செம்பு சேர்வதால் வரும் இதற்கு மருந்து உண்டு. எம்.ஆர்.ஐ.யோடு இரத்தத்தில் செருலோபிளாஸ்மின், கண் மருத்துவரிடம் ஸ்லிட் லேம்ப் பரிசோதனை இரண்டையும் கேளுங்கள்.

5. டோப்பமின் ஸ்கேன்

நடுக்க நோயா பார்க்கின்சனா, மாத்திரையின் விளைவா உண்மையான நோயா என்று மருத்துவரால் நேரில் பிரிக்க முடியாதபோது எடுப்பது இது. மறதி நோய் லூயி பாடி வகையா அல்சைமரா என்ற சந்தேகத்திலும் உதவும். 2015-இல் வந்த பார்க்கின்சன் நிர்ணய விதிகளில், டோப்பமின் ஸ்கேன் இயல்பாக இருந்தால் அது பார்க்கின்சன் இல்லை என்றே வைத்திருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் அயோடின்-123 சேர்ந்த அயோஃபுளூபேன் அதிகம் பயன்படுகிறது. அதற்குத் தைராய்டைப் பாதுகாக்க முன்கூட்டியே அயோடின் மருந்து கொடுப்பார்கள். நம் ஊரில் பெரும்பாலும் டெக்னீசியம் சேர்ந்த ட்ரோடாட். அதற்கு அந்த முன்மருந்து வேண்டாம். கையில் ஊசி போட்டு மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத்தான் படம் எடுப்பார்கள். படத்துக்கு மட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆக அரை நாள் போகும். சாப்பாடும் மாத்திரையும் கையில் இருக்கட்டும். தினமும் எடுக்காமல், சிலரைச் சேர்த்து ஒரே நாளில் எடுக்கும் மையங்கள் உண்டு. தேதியை முந்தின நாள் உறுதி செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

லெவோடோப்பா, பிரமிபெக்சோல் போன்ற மாத்திரைகளை ட்ரோடாட்டுக்காக நிறுத்த வேண்டியதில்லை. தடையாக இருப்பவை வேறு: புப்ரோபியான், மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகைகள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் அளவைச் சற்று மாற்றலாம். நீங்கள் எழுதிய பட்டியலை நியூக்ளியர் மெடிசின் மருத்துவரிடம் பதிவின்போதே காட்டுங்கள். ஊசி போடும் நாளில் காட்டிப் பயனில்லை.

எஃப்-டோப்பா பெட் என்றால் கதை மாறும். அதற்கு லெவோடோப்பாவை முந்தின இரவிலிருந்தோ மையம் சொல்லும் நேரத்திலிருந்தோ நிறுத்த வேண்டும். சில மணி நேரம் வெறும் வயிறு. சில மையங்களில் ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பு கார்பிடோப்பா மட்டும் உள்ள மாத்திரை கொடுப்பார்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு வேளைகூட அதிகமாக நிறுத்தி வைக்காதீர்கள். லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்திவிட்டு நாட்கணக்கில் விட்டால் கடும் காய்ச்சலும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகும். வீடு திரும்பும் வரை காத்திராமல் மையத்திலேயே அடுத்த வேளையைக் கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தில் என்ன தெரியும்? இரண்டு பக்கமும் காற்புள்ளி போல வளைந்து ஒளிர்ந்தால் இயல்பு. வால் மறைந்து முற்றுப்புள்ளி போலச் சுருங்கினால் டோப்பமின் நரம்பு குறைந்துவிட்டது. தலை சற்றுச் சாய்ந்து படுத்தாலே ஒரு பக்கம் குறைந்ததுபோலத் தோன்றும். அந்த இடத்தில் பழைய பக்கவாதத் தழும்பு இருந்தாலும் குறையும். எம்.ஆர்.ஐ. படங்களைக் கையில் கொண்டுபோவது இதற்காகத்தான்.

6. மூளைக்கான எஃப்.டி.ஜி. பெட்

எம்.ஆர்.ஐ. தெளிவாகச் சொல்லாதபோது, மூளையின் எந்தப் பகுதி சர்க்கரையைக் குறைவாக எரிக்கிறது என்று பார்ப்பது. எம்.எஸ்.ஏ.வில் பியூட்டமெனும் சிறுமூளையும் மங்கும். பி.எஸ்.பி.யில் நடுமூளையும் நெற்றிப் பகுதியின் உட்புறமும் மங்கும். சி.பி.டி.யில் ஒரு பக்க மேற்புறமும் அதே பக்க ஆழ்பகுதியும். லூயி பாடியில் பின்மண்டைப் பகுதி. வழக்கமான பார்க்கின்சனில் பியூட்டமென் மங்காமல் இருக்கும், அதுவே எம்.எஸ்.ஏ.விலிருந்து பிரிக்கும் புள்ளி.

பதிவின்போது 'மூளை மட்டும், பார்க்கின்சனிசத்துக்காக' என்று தெளிவாகச் சொல்லுங்கள். பெட் மையங்களின் அன்றாட வேலை புற்றுநோய். முழு உடல் ஸ்கேன் எடுத்துவிட்டு மூளையை மேலோட்டமாகப் பார்த்தால் பயனில்லை. மூளைப் படங்களை இயல்பானவர்களின் தொகுப்போடு கணினியில் ஒப்பிட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். ஒப்பிடும் மையத்தின் அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். இரத்தச் சர்க்கரை 160-க்குக் கீழ் இருப்பது நல்லது. 200-ஐத் தாண்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். சர்க்கரை நோயாளிக்கு அன்று இன்சுலினும் மாத்திரையும் எப்படி என்று இரண்டு நாள் முன்பே கேட்டு வையுங்கள். ஊசி போடும் முன்னும் பின்னும் அரை மணி நேரம் மங்கிய வெளிச்சத்தில் பேசாமல், செல்போன் பார்க்காமல் இருக்க வேண்டும். பேசினால் பேச்சுக்குரிய பகுதி, பார்த்தால் பார்வைக்குரிய பகுதி சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஊசியை முன்பே போட்டுவிட்டால் பிறகு தூக்க மாத்திரை கொடுத்தும் படுக்க வைக்கலாம். ஊசிக்கு முன்பே தூக்க மாத்திரை கொடுத்தால் மூளை முழுதும் மங்கித் தெரியும்.

இந்த ஊசியில் உள்ள கதிரியக்கப் பொருளான ஃபுளோரின்-18 ஒவ்வொரு 110 நிமிடத்துக்கும் பாதியாகிவிடும். உங்கள் பெயருக்கு வரவழைத்த மருந்து நீங்கள் இரண்டு மணி நேரம் தாமதித்தால் வீணாகும், பணமும் திரும்ப வராமல் போகலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முந்தின இரவே ஊருக்குள் வந்துவிடுவது நல்லது.

கதிரியக்க ஊசி போட்ட அன்று நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கட்டும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் அன்று மட்டும் சற்று விலகி இருக்கட்டும்.

7. மற்ற இரண்டு

எம்.ஐ.பி.ஜி. இதய ஸ்கேன்: பார்க்கின்சனிலும் லூயி பாடியிலும் இதயத்துக்குப் போகும் நரம்பு குறைந்து தெரியும், எம்.எஸ்.ஏ.விலும் பி.எஸ்.பி.யிலும் பெரும்பாலும் குறையாது. ஜப்பானில் மிகவும் புழக்கம். நீண்டகாலச் சர்க்கரை நோய், மாரடைப்பு வந்தவர்களுக்கு முடிவை நம்ப முடியாது. மண்டை வழி அல்ட்ராசவுண்ட்: மலிவு, ஆனால் பழகிய கை வேண்டும், சிலருக்கு மண்டையோட்டு எலும்பு ஒலியை உள்ளே விடாது.

8. செலவும் காப்பீடும்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. கட்டணம் 2,500 ரூபாய் அளவில் இருக்கிறது. தனியாரில் ஊருக்கும் இயந்திரத்துக்கும் ஏற்ப 5,000 முதல் 12,000 வரை போகும். ட்ரோடாட்டும் மூளை பெட்டும் தனியாரில் பொதுவாகப் பத்தாயிரத்துக்கு மேல். எஃப்-டோப்பா அதற்கும் மேல். மூன்று மையங்களில் கேட்டு, படங்கள் பதிந்த சி.டி. வட்டும் அறிக்கையும் சேர்த்த தொகையா என்று உறுதி செய்யுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால், ஸ்கேனுக்கு முன்பே மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு உதவி மேசையில் கேளுங்கள். உங்கள் ஸ்கேன் பட்டியலில் உண்டா, முன் அனுமதி வேண்டுமா என்று பார்த்துச் சொல்வார்கள். அட்டை இல்லாமல், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். எடுத்து முடித்த ஸ்கேனுக்குப் பிறகு பணம் கேட்டால் கிடைப்பது அரிது.

தனியார் காப்பீட்டில், மருத்துவமனையில் சேராமல் எடுக்கும் ஸ்கேனுக்குப் பெரும்பாலும் பணம் வராது. ஸ்கேனுக்காக மட்டும் ஒரு நாள் சேர்த்துக்கொள்கிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நோயறிதலுக்காக மட்டும் சேர்ந்தது என்று நிறுவனம் மறுத்துவிடும்.

9. சி.டி.யை வாங்காமல் வெளியே வராதீர்கள்

ஃபிலிமில் இருப்பது சில படங்கள் மட்டுமே. நடுமூளையை மறுபடி அளக்க வேண்டுமென்றால் ஸ்கேனின் மூலப் படக் கோப்புகளான டைகாம் கோப்புகள் முழுவதும் வேண்டும். சி.டி. அல்லது பென்டிரைவில் கேட்டு வாங்கி, அன்றே கணினியில் திறந்து பார்த்து, இன்னொரு இடத்தில் நகல் வையுங்கள். மையங்கள் பழைய படங்களை எப்போதும் வைத்திருக்காது.

அறிக்கையில் நடுமூளை, பான்ஸ், பியூட்டமென் என்ற சொற்களே இல்லையென்றால் புதிய ஸ்கேனுக்கு ஓடாதீர்கள். அதே சி.டி.யை நரம்பியல் படங்களை மட்டும் பார்க்கும் ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து மறு அறிக்கை கேட்கலாம். அதற்கு ஸ்கேன் கட்டணத்தைவிடக் குறைவாகவே ஆகும். ஒரு மில்லிமீட்டர் படங்கள் எடுத்திருந்தால் அளவுகளை அதிலிருந்தே கணக்கிட்டுவிடுவார்.

முடிவு தெளியாவிட்டால், புதிய அறிகுறி வராதவரை, ஓராண்டு கழித்து மறுபடி எம்.ஆர்.ஐ. எடுப்பது வழக்கம். அதே மையத்தில், அதே இயந்திரத்தில், அதே வகைப் படங்களாக எடுங்கள், பழைய சி.டி.யையும் கொடுத்து 'ஒப்பிட்டு எழுதவும்' என்று சீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். இயந்திரம் மாறினால், நடுமூளை அரை மில்லிமீட்டர் குறைந்தது நோயாலா, அளவு முறையாலா என்று யாராலும் சொல்ல முடியாது.